எதிர்பார்த்தது 85, வந்தது 58. மறுமதிப்பீடா, மறுதேர்வா? (5 நாள்தான் இருக்கு)

ஓடைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்குப் பள்ளி இறுதித் தேர்வு முடிவு நேத்து காலையில வந்தது. மத்த பாடமெல்லாம் அவன் சொன்ன கணக்கை ஒட்டியே இருக்கு. வேதியியல் மட்டும் 58. தேர்வு எழுதிட்டு வந்த அன்னிக்கே வினாத்தாளை வச்சுக்கிட்டு ஒவ்வொரு கேள்வியா கூட்டிப் பார்த்தான். 85-க்குக் குறையாதுன்னு உறுதியா சொன்னான். வீட்டில யாரும் ஒரு வார்த்தை திட்டலை. ஆனா நேத்துல இருந்து அவன் பேச்சே இல்லை. அந்த வினாத்தாளை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சிருக்கான், அரை மணிக்கு ஒரு தரம் எடுத்துப் பார்க்கிறான்.

அவன் சேர ஆசைப்படுற படிப்புக்கு வேதியியல்ல 70 வேணும். விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு எதுக்கா இருந்தாலும் விண்ணப்பிக்க இன்னும் 5 நாள். மறுதேர்வுக்குப் பேர் கொடுக்க 9 நாள். மறுதேர்வு ஏழு வாரம் கழிச்சு.

அப்பா நேரா மறுமதிப்பீடு போடலாம்ங்கிறார். அம்மா, "அதுக்குக் காத்துக்கிட்டு நாளைக் கடத்த வேண்டாம், திரும்ப எழுதட்டும்"ங்கிறாங்க. ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு நியாயமாத்தான் படுது. இந்த வழியில போய் வந்தவங்க சொல்லுங்க.

தூரப்பார்வை

ஒண்ணு மட்டும் முதல்ல விசாரிச்சுக்கோங்க. மறுமதிப்பீட்டில மார்க் குறைஞ்சா, குறைஞ்ச மார்க்கே நிலைக்குமா? எனக்கு இயற்பியல்ல 71 இருந்தது, 66 ஆகி வந்தது. விண்ணப்பத்துக் கீழே சின்ன எழுத்துல "புதிய மதிப்பெண்ணே இறுதியானது"ன்னு போட்டிருந்ததை நான் படிக்கவே இல்லை. பழைய மார்க் ஷீட்டையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிட்டாங்க. அந்த அஞ்சு மார்க்கால எனக்குப் பெரிய இழப்பு ஒண்ணும் வரலை, ஆனா கட்டணம் கட்டி, ஒரு மாசம் காத்திருந்து, அந்தக் காகிதத்தைப் பிரிச்சப்ப இருந்த மனநிலை யாருக்கும் வர வேண்டாம்.

சிவப்பு மை

ஓடைக்கரை, நான் 22 வருஷமா வேதியியல் சொல்லித் தர்றேன். அதில 17 வருஷம் விடைத்தாள் திருத்தும் பணிக்கும் போயிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு இந்த மூணையும் நிறைய பேர் ஒண்ணாக் குழப்பிக்கிறாங்க. மறுகூட்டல்ல உங்க தம்பி எழுதின விடையை யாரும் உட்கார்ந்து படிக்க மாட்டாங்க. பார்க்கிறது ரெண்டு விஷயம். உள்ளே போட்ட மார்க்கெல்லாம் முகப்புப் பக்கத்துக்குச் சரியா வந்திருக்கா, கூட்டல் சரியா. எந்த விடையாவது திருத்தாம விட்டுப் போயிருக்கா. அவ்வளவுதான். மறுமதிப்பீடுன்னா வேறொருத்தர் விடைக்குறிப்பை வச்சு முழுத் தாளையும் மறுபடி திருத்துவார். நகல்ங்கிறது இந்த ரெண்டில எது தேவை, இல்ல ரெண்டுமே தேவையில்லையான்னு உங்களுக்குக் காட்டுற கண்ணாடி. விதிமுறை இடத்துக்கு இடம் மாறும். சில இடத்தில நகல் வாங்கினாத்தான் அடுத்த படிக்கே விடுவாங்க, சில இடத்தில எல்லாத்துக்கும் ஒரே கெடு. ஆனா நகல் எடுக்க வழியிருந்தா முதல்ல அதை எடுங்க.

ஏன் சொல்றேன்னா, 27 மார்க் வித்தியாசம்ங்கிறது சாதாரணம் இல்லை. வேதியியல்ல விடைக்குறிப்பு ரொம்பக் கறாரா இருக்கும். சமன்பாட்டுக்கு 1, படிநிலைக்கு 1, விடைக்கு 1, அலகுக்கு அரைன்னு பிரிச்சே கொடுத்திருப்பாங்க. ரெண்டு பேர் தனித்தனியா திருத்தினாலும் முழுத் தாளுக்கு ரெண்டு மூணு மார்க்தான் முன்னே பின்னே வரும். திருத்தினவர் கறாரானவர்ங்கிறதால மட்டும் 27 போகாது. அப்போ ரெண்டே காரணம்தான் மிச்சம். ஒண்ணு, இயந்திரத்தனமான பெரிய பிழை. ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டுத் திருப்பாமலே போறது, கூடுதல் தாள் கட்டுல இருந்து கழன்டுபோறது, முகப்புல 8-ஐ 3-ன்னு எழுதுறது. நாள் முழுக்கத் திருத்தி, மாலை நாலு மணிக்குக் கண் எரியுறப்ப இதெல்லாம் நடக்கும். நானே ஒரு தரம் ஒரு பிள்ளையோட 5 மார்க் கேள்வியைத் தாண்டிப் போயிட்டேன், சரிபார்க்கிற கூட்டாளி பிடிச்சுக் கொடுத்தார். அந்தப் பிள்ளையோட பதிவெண் கூடத் தெரியாது, ஆனா அந்த நாள் நினைவிருக்கு.

ரெண்டாவது காரணம், தம்பியோட கணக்கு தப்பா இருக்கிறது. இதைச் சொல்றதுக்கு வருத்தமாத்தான் இருக்கு. "எழுதினேன்"ங்கிறதை "முழு மார்க்"குன்னு பிள்ளைங்க எண்ணிடுவாங்க. நல்லாப் படிக்கிற பிள்ளைங்கதான் இதை அதிகமாச் செய்றாங்க, ஏன்னா விடை தெரியும்ங்கிற நினைப்பு இருக்கும். தெரிஞ்சதும் தாள்ல இறங்கினதும் ஒண்ணு இல்லை.

எது நடந்ததுன்னு தாளைப் பார்க்காம நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது, அப்பாவும் சொல்ல முடியாது.

எண்கோலம்

சிவப்பு மை சார் சொல்ற "ரெண்டு மூணு மார்க்" பாடத்தைப் பொறுத்தது. இது பழைய கேள்வி. எட்ஜ்வொர்த்ங்கிற புள்ளியியலாளர் தேர்வு மார்க்ல எவ்வளவு தற்செயல் கலந்திருக்குன்னு 1888-லயே கட்டுரை எழுதியிருக்கார். 1912-ல அமெரிக்காவில ஸ்டார்ச், எலியட்னு ரெண்டு பேர் மாணவர்கள் எழுதின ஆங்கில விடைத்தாளை நகலெடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினாங்க. 142 ஆசிரியர்கள் திருத்தினதில ஒரே தாளுக்கு 64-ல இருந்து 98 வரை மார்க் வந்தது. மொழிப்பாடம்னாலதான் இப்படின்னு சொன்னவங்களுக்குப் பதிலா அடுத்த வருஷம் வடிவியல் தாளை அனுப்பினாங்க, அதிலயும் வித்தியாசம் குறையலை.

இது பழங்கதை, இப்ப விடைக்குறிப்பும் மேற்பார்வையும் இருக்குன்னு சொல்லலாம். உண்மைதான். ஆனா இங்கிலாந்தில தேர்வுகளை ஒழுங்குபடுத்துற ஆஃப்க்வால் 2018-ல ஒரு அறிக்கை வெளியிட்டது. மூத்த தேர்வாளர் கொடுக்கிற அதே கிரேடு மாணவருக்குக் கிடைக்கிற நிகழ்தகவு கணிதத்தில 0.96, ஆங்கில மொழியும் இலக்கியமும் சேர்ந்த பாடத்தில 0.52. அதனால கட்டுரை எழுதுற பாடம்னா மறுமதிப்பீட்டில நகர்வு வர வாய்ப்பு கூட. கணக்கு, வேதியியல்னா குறைவு.

இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க. தற்செயலா குறைஞ்சவங்க மட்டும் இல்லை, தற்செயலா கூடக் கிடைச்சவங்களும் உண்டு. உங்க தம்பி அதில எந்தப் பக்கம்னு தெரியாமத்தான் விண்ணப்பம் போடுறீங்க.

சிவப்பு மை

மொழிப்பாடத்துக்கு ஒத்துக்கிறேன். 142 பேர் கணக்கு இப்பத்தான் கேள்விப்படுறேன், நன்றி.

வாசல்விளக்கு

நான் ஒரு அம்மாவா எழுதுறேன். மூத்தவளுக்குக் கணக்கில குறைஞ்சப்ப மறுமதிப்பீடு போட்டோம். போட்டது தப்பில்லை. அதுக்கப்புறம் நடந்ததுதான் தப்பு. "எப்படியும் ஏறிடும்"னு நாங்களே சொல்லிச் சொல்லி அவ புத்தகத்தைத் தொடவே இல்லை. தொடச் சொல்லவும் மனசு வரலை, ஏன்னா படின்னு சொன்னா "உன் மேல எனக்கு நம்பிக்கை இல்லை"ன்னு சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு பயம். அஞ்சு வாரம் இப்படியே போச்சு. "மாற்றம் இல்லை"ன்னு ஒரு வரி வந்தது. மறுதேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் அவ அழுதுக்கிட்டே படிச்சதை நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன்.

அதனால சொல்றேன்மா. விண்ணப்பத்தைப் போட்டுட்டு அதை மறந்துடுங்க. அது வராதுன்னு வச்சுக்கிட்டே மறுதேர்வுக்குப் பேர் கொடுங்க, படிக்கவும் ஆரம்பிக்கட்டும். வந்தா மறுதேர்வுக்குப் போகாம விட்டுடலாம், கட்டின கட்டணம்தான் போகும். தம்பிகிட்ட இதைச் சொல்லும்போது "உனக்குக் கிடைக்காது"ன்னு சொல்லாதீங்க. "முடிவு அவங்க கையில, படிப்பு உன் கையில"ன்னு சொல்லுங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கணும்.

கடலோரம்

வணக்கம் ஓடைக்கரை. நான் இலங்கையில உயர்தரம், அதாவது பள்ளி இறுதிப் பரீட்சை, எழுதினனான். எங்கட முறையில பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் தோற்றலாம், பிறகு வேற வேற பாடப் புள்ளிகளை ஒப்பிடக் கணிக்கிற இசட் புள்ளி எண்டு ஒண்டு வைத்துத்தான் தெரிவு. அதால பெறுபேறு வந்த கிழமை ஒவ்வொரு வீட்டிலயும் இந்தக் கதைதான். திரும்ப எடுக்கிறதோ, கிடைச்சதோட போறதோ.

என்ர அக்கா மூன்றாம் தரமும் எடுத்தவ. முதல் தரத்தை விட இரண்டாம் தரம் நல்லாச் செய்தா, மூன்றாம் தரம் இரண்டாம் தரத்தை விடக் குறைஞ்சு போச்சு. பிள்ளை களைச்சுப் போனதை ஒருத்தரும் கவனிக்கேல்லை. அதுக்காக உங்கட தம்பி எழுத வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஏழு கிழமையில் வாற மறுதேர்வும் ஒரு வருசம் காத்திருந்து எடுக்கிறதும் ஒண்டில்லை. ஏழு கிழமை பெரிய விலை இல்லை.

ஆனா இவ்வளவு கதைச்சும் ஒருத்தரும் கேக்கேல்லை, அந்த 70 உண்மையிலேயே 70 தானோ? சேர விரும்புற இடத்துக்கு நேரில போய், இல்லாட்டி தொலைபேசியில கேளுங்கோ. திரும்ப எழுதின புள்ளியை ஏற்பினமோ, எந்தத் திகதிக்குள்ள வரவேணும், திருத்தம் பிந்தி வந்தால் இடத்தை வைச்சிருப்பினமோ. இரண்டு தரம் எழுதினால் கூடினதை எடுப்பினமோ, கடைசியா எழுதினதையோ. இந்தப் பதில்கள் தெரியாமல் வீட்டில இருந்து விவாதிக்கிறது வீண்.

ஓடைக்கரை

கடலோரம் அக்கா, நீங்க சொன்னதைப் படிச்சதும் உடனே போன் பண்ணினேன். மூணு தரம் அடிச்சு நாலாவது தரம் எடுத்தாங்க. 70 நிச்சயமாம், அதில தளர்வு இல்லை. மறுதேர்வு மார்க்கை ஏத்துக்கிறாங்க, ஆனா சேர்க்கை முடியுறதுக்குள்ள மார்க் ஷீட் கையில இருக்கணும். போன வருஷங்கள்ல மறுதேர்வு முடிவு அதுக்கு முன்னாடியே வந்திருக்குன்னு சொன்னாங்க. மறுமதிப்பீட்டில மாற்றம் வந்தா, கடைசித் தேதிக்கு அப்புறம் வந்தாலும் எழுத்துல கொடுத்தா பரிசீலிப்பாங்களாம். ரெண்டு மார்க் ஷீட் இருந்தா கூட இருக்கிறதைத்தான் பார்ப்பாங்களாம். இதுவரைக்கும் இதைக் கேட்கணும்னே எங்க யாருக்கும் தோணலை.

நகலுக்கும் விண்ணப்பிச்சாச்சு. எங்க விதிப்படி நகல் வாங்கினவங்க, அந்த 5 நாள் தாண்டினாலும், நகல் வந்த நாளில இருந்து மூணு நாளுக்குள்ள மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம்னு இருக்கு. அப்பாவுக்கு இதில சம்மதமே இல்லை. "நகலைப் பார்த்து நமக்கு என்ன புரியப் போகுது, திருத்தத் தெரிஞ்சவங்க திருத்தட்டும்"ங்கிறார்.

எண்கோலம்

அப்பாகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. எழுதினவர் தன் திருத்தின தாளைப் பார்க்கிறது சலுகை இல்லை. இந்தியாவில திருத்தப்பட்ட விடைத்தாளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள்ள வர்ற "தகவல்"தான்னு உச்ச நீதிமன்றம் 2011-ல தீர்ப்பு சொல்லியிருக்கு. அதுக்கு முன்னாடி எவ்வளவோ பேர் தாளையே பார்க்காம வாழ்க்கை முழுக்கச் சந்தேகத்தோட இருந்திருக்காங்க.

இன்னொண்ணு, மறுமதிப்பீடுன்னா இன்னொரு தேர்வாளரோட அபிப்பிராயம்னு அப்பா நினைக்கிறார் போல. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இங்கிலாந்தில 2016-ல விதியை மாத்தினப்ப, முதல்ல திருத்தினவர் செஞ்சது பிழையா இருந்தாத்தான் மார்க்கை மாத்தணும், "நானா இருந்தா ஒரு மார்க் கூடக் கொடுத்திருப்பேன்"ங்கிறது காரணம் ஆகாதுன்னு தெளிவாப் போட்டாங்க. அதனால எது பிழைன்னு சுட்டிக்காட்ட உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குத் தாள் வேணும்.

இரண்டாம் சுற்று

தம்பிக்கு என் அனுபவம் பயன்படலாம். எனக்கு உயிரியல்ல 49. மறுதேர்வு எழுதி 78. நடுவில நான் மாத்தினது ஒண்ணே ஒண்ணு.

முதல் ரெண்டு வாரம் பழைய மாதிரியே புத்தகத்தை முதல் பக்கத்துல இருந்து வாசிச்சேன். வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருந்தது. எனக்குப் பிடிச்ச மூணு பாடத்தில போய் நிப்பேன், பிடிக்காததைப் புரட்டிட்டுப் போவேன். எங்க டீச்சர்தான் புத்தகத்தை மூடச் சொல்லி, வெத்துத் தாளைக் கொடுத்து, "சிறுநீரகத்தோட அமைப்பை வரைஞ்சு பாகம் குறி"ன்னாங்க. அன்னிக்குக் காலையிலதான் படிச்சிருந்தேன். நாலு பாகத்துக்கு மேல வரலை. அங்க இருந்துதான் என் படிப்பே ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் படிக்கிற நேரம் பாதி, மூடி வச்சு எழுதுற நேரம் பாதி.

பின்னாடி கல்லூரியில படிக்கிறப்பத்தான் இதுக்கு ஆய்வே இருக்குன்னு தெரிஞ்சது. 2006-ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் செஞ்சது. ஒரு பகுதியைத் திரும்பப் படிச்சவங்களும், ஒரு தரம் படிச்சிட்டு நினைவில இருந்து எழுதிப் பார்த்தவங்களும்னு ரெண்டு குழு. அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சோதிச்சா திரும்பப் படிச்சவங்கதான் மேல. ஒரு வாரம் கழிச்சுச் சோதிச்சா, திரும்பப் படிச்சவங்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவங்களுக்கு 56. படிச்ச அன்னிக்கு வர்ற தைரியத்தை நம்பக் கூடாதுன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது.

அதனால தம்பி, நீ இதைப் படிக்கிறதா இருந்தா, மறுதேர்வுன்னா திரும்பப் படிக்கிறதுன்னு எடுத்துக்காதே. திரும்ப எழுதுறது.

தூரப்பார்வை

இதை வழிமொழியுறேன். மறுதேர்வில முதல் தடவையை விடக் குறைஞ்சவங்களையும் எனக்குத் தெரியும். என் வகுப்பிலயே ரெண்டு பேர். படிக்கிற முறையை மாத்தாமப் போனாங்க.

ஓடைக்கரை

நகல் வந்துடுச்சு. நேத்து ராத்திரி அஞ்சு பேரும் மேசையைச் சுத்தி உட்கார்ந்தோம். தம்பி, நான், அப்பா, அம்மா, அவன் வகுப்புத் தோழன் ஒருத்தன். விடைக்குறிப்பைப் பக்கத்தில வச்சு ஒவ்வொரு கேள்வியா போனோம். மூணு மணி நேரம் ஆச்சு. தெரிஞ்சதை அப்படியே எழுதுறேன்.

கூட்டல் சரி. முகப்பும் உள்ளேயும் ஒத்துப் போகுது. கூடுதல் தாளும் இருக்கு.

14-ஆம் பக்கத்தில ஒரு 5 மார்க் கேள்வியோட ரெண்டாவது பிரிவு, 3 மார்க். விடை முழுசா இருக்கு. சிவப்பு மை ஒரு புள்ளி கூட இல்லை, சரியும் இல்லை, தப்பும் இல்லை, சுழியும் இல்லை. பக்கத்தோட மேல் பாதியில முதல் பிரிவுக்கு மார்க் போட்டிருக்கு, கீழ்ப்பாதி அப்படியே வெள்ளையா கிடக்கு. அதைப் பார்த்ததும் தம்பி எழுந்து நின்னுட்டான்.

இன்னும் ரெண்டு இடத்தில ஒவ்வொரு மார்க் கொடுத்திருக்கலாமோன்னு தோணுது.

மிச்சம் அவனே குறிச்சுக் கொடுத்தது. "அல்லது" போட்டுக் கொடுத்திருந்த ஒரு கேள்வியில ரெண்டையுமே எழுதியிருக்கான், வீட்டில கணக்குப் போட்டப்ப ரெண்டுக்கும் சேர்த்து எண்ணியிருக்கான். அங்கயே 5 போச்சு. மூணு கணக்கு அலகுல விழுந்திருக்கு, 6 மார்க். ஒண்ணில வினைவேக மாறிலி நிமிஷத்தில கொடுத்திருக்கு, அரை ஆயுள் காலத்தை நொடியில கேட்டிருக்கு. 0.693-ஐ வகுத்து வந்த எண்ணை அப்படியே நொடின்னு எழுதிட்டான், 60-ஆல பெருக்கலை. அதுவும் மூணு தரம் கூட்டிப் பார்த்த வினாத்தாள்ல அந்தக் கணக்குப் பக்கத்தில பெரிசா சரின்னு டிக் போட்டு வச்சிருக்கான். சமன்பாடு சமன் செய்யாம விட்டது நாலு இடம், 4. "வேறுபடுத்துக"ன்னு கேட்டதுக்கு ரெண்டுக்கும் வரையறை மட்டும் எழுதி 3. சேர்மப் பேர் தப்பு, 2. இன்னும் ஒரு 2 எங்க போச்சுன்னு யாருக்கும் பிடிபடலை.

அப்போ நியாயப்படி பார்த்தா 61. ரொம்பத் தாராளமா போனா 63. 70 வராது.

அப்பா ரொம்ப நேரம் அந்த வெள்ளைப் பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். இப்பவும் மறுமதிப்பீடு போடலாம்ங்கிறார். சிவப்பு மை சார், நீங்க என்ன சொல்றீங்க? முழுத் தாளையும் பேர் தெரியாம மறைச்சுப் படம் எடுத்து, அந்த ரெண்டு இடத்தையும் குறிச்சுத் தனியா அனுப்பியிருக்கேன்.

சிவப்பு மை

பார்த்தேன்மா. முழுத் தாளையும் அனுப்பினதுக்கு நன்றி, அதனாலதான் உறுதியாச் சொல்ல முடியுது.

14-ஆம் பக்கம் தெளிவான பிழை. அது மறுகூட்டலுக்குள்ளயே வரும், மறுமதிப்பீடு தேவையே இல்லை. விண்ணப்பத்தில பக்க எண்ணும் கேள்வி எண்ணும் குறிப்பிட்டு, "இப்பிரிவு திருத்தப்படவில்லை"ன்னு ஒரே வரியில எழுதுங்க. வருத்தம், கோபம், மத்த பாடத்து மார்க்கெல்லாம் அதில வேண்டாம். பார்க்கிறவர் அந்தப் பக்கத்தை நேராத் திருப்பணும், அவ்வளவுதான்.

நீங்க சந்தேகப்பட்ட ரெண்டு இடத்தில ஒண்ணு கொடுத்திருக்கலாம். இன்னொண்ணு நானும் கொடுத்திருக்க மாட்டேன், வினைபுரியும் நிலைமை எழுதலை.

இனிமே சொல்றதை அப்பாகிட்ட பொறுமையாச் சொல்லுங்க. இதே தாள்ல திருத்தினவர் தாராளமா போன இடமும் இருக்கு. 9-ஆம் பக்கத்தில படம் அரைகுறை, முழு மார்க் விழுந்திருக்கு. 19-ல சமன்பாட்டில அம்புக்குறியே இல்லை, விட்டுக் கொடுத்திருக்கார். நான் எண்ணினவரைக்கும் 3 மார்க். முழுசா மறுபடி திருத்தக் கொடுத்தா அந்தக் கண்ணுக்கு இதுவும் படும். கிடைக்கிறது ஒண்ணு, போறது மூணுன்னு ஆகலாம். மார்க் குறையாதுன்னு உங்க விதியில எழுதியிருந்தாலே ஒழிய நான் இதைத் தொட மாட்டேன்.

தம்பி குறிச்ச பட்டியலைப் பாருங்க. 5, 6, 4, 3, 2. மொத்தம் 20. இதில பாடம் தெரியாமப் போனது அந்தக் கடைசி 2 மட்டும்தான். மத்ததெல்லாம் தெரிஞ்சதைத் தாள்ல இறக்குறப்ப நடந்தது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஏழு வாரம் தாராளம். பாடமே புரியாம 58 வந்திருந்தா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

வாசல்விளக்கு

அந்த வெள்ளைப் பக்கத்தைப் படிக்கிறப்ப எனக்கே தொண்டையை அடைச்சுது. 3 மார்க்கால சேர்க்கை கிடைக்காட்டியும் அதைக் கேட்டு வாங்குங்கமா. அது அவன் எழுதினது.

ஓடைக்கரை

நாங்களும் அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கோம். இன்னிக்குக் காலையில மறுகூட்டலுக்கு, சார் சொன்ன அந்த ஒரு வரியோட, விண்ணப்பிச்சாச்சு. "எப்படியும் திரும்ப எழுதப் போறான், இதுக்கு எதுக்குக் கட்டணம்"னு அம்மா கேட்டாங்க. தம்பிதான் வாயைத் திறந்தான். "அது சரியான விடைம்மா"ன்னான். முடிவு வந்ததுல இருந்து அவனா பேசின முதல் வார்த்தை. அதுக்கு மேல யாரும் கேட்கலை. தவிர, மறுதேர்வு அன்னிக்கு உடம்பு கிடம்பு சரியில்லாமப் போனா, கையில 58 இருக்கிறதுக்கு 61 இருக்கட்டும்.

மறுமதிப்பீடு வேண்டாம்னு அப்பா அரை மனசா ஒத்துக்கிட்டார். 9-ஆம் பக்கத்தையும் 19-ஆம் பக்கத்தையும் எடுத்துக் காட்டினதுக்கு அப்புறம்தான். மறுதேர்வுக்கும் பேர் கொடுத்தாச்சு.

இரண்டாம் சுற்று, உங்க பதிவை அவனே படிச்சான். நேத்து புத்தகத்தை மூடி வச்சு வேதிவினை வேகவியல்ல ரெண்டு கணக்கு எழுதினான். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதிக்கிட்டே போனான். ஒண்ணு சரி. இன்னொண்ணில அலகு சரியா வந்து பெருக்கல் தப்பாப் போச்சு.

சார், ஒரே ஒரு கேள்வி. ஏழு வாரத்தில எங்க இருந்து ஆரம்பிக்கட்டும்? அவன் முதல் பாடத்தில இருந்து வரிசையாப் போகணும்ங்கிறான்.

சிவப்பு மை

வரிசை வேண்டாம். முதல் வாரம் கணக்கு வர்ற பாடங்கள் மட்டும். வேகவியல், மின்வேதியியல், கரைசல்கள். தினம் நாலு கணக்கு, கடிகாரத்தை வச்சு. அலகு எழுதாத வரிக்கு அவனே மார்க்கைக் குறைச்சுக்கட்டும்.

ரெண்டாவது வாரத்தில இருந்து சமன்பாடு. ஒரு நாளைக்குப் பத்து, நினைவில இருந்து எழுதி, சமன் செஞ்சு, ரெண்டு பக்கமும் அணுக்களை எண்ணி ஓரத்தில குறிக்கணும். எண்ணிக் குறிக்காம அடுத்ததுக்குப் போகக் கூடாது. நாலாவது வாரத்தில இருந்து வாரம் ஒரு முழுத் தாள், முழு மூணு மணி நேரம். முதல் பத்து நிமிஷம் பேனாவைத் தொடாம, கேள்வியில இருக்கிற வினைச்சொல்லுக்கு அடியில கோடு போடட்டும். வரையறு, வேறுபடுத்து, காரணம் கூறு, வருவி. "அல்லது" இருக்கிற இடத்தில எதை எழுதப் போறான்னு அப்பவே வட்டம் போட்டு, மத்ததை அடிச்சிடணும்.

எழுதின தாளை அவன் திருத்த வேண்டாம், தோழன் திருத்தட்டும். தோழன் தாளை இவன் திருத்தட்டும். அடுத்தவன் அலகு விட்டதைக் கண்டுபிடிக்கிறவன் தன்னோடதை விட மாட்டான். முதல் முழுத் தாள் எழுதின அன்னிக்கு எனக்கு அனுப்பச் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பார்த்துடுறேன்.